ஏரிக்கரையில் வாசித்த ஷரத்து

போன ஞாயிற்றுக்கிழமை மணவாள நகரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது புதிதாகக் காப்பீட்டு ஏஜென்ட் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அத்திப்பட்டு மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு மனிதர், ஆயுள் பாலிசியோடு தனியாக ஒரு விபத்து பாலிசியும் எடுத்து வைத்திருக்கிறாராம். இரண்டுக்கும் கட்ட முடியவில்லை, அந்தக் கூடுதல் பாலிசியை வைத்துக்கொள்ளட்டுமா, விட்டுவிடட்டுமா என்று கேட்டாராம். அவருக்கு என்ன சொல்வது என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் "காபி ஆறிடப் போகுது, குடிங்க" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

வயதாகிவிட்டது, காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். காது நன்றாகவே கேட்டது. அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லாமல் பதிலைச் சொன்னால் அது உங்களுக்குப் பயன்படாது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நின்றுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. காப்பீடு தனியார் கம்பெனிகளின் கையில் இருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, அந்த வழிக்குப் போகாமல், தோல் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சாவைப் பற்றிப் பேசுகிற தொழிலுக்கு வந்தவன். என் அப்பாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தொழிற்சாலைகள் ஒன்றும் அப்போது இல்லை. சவுக்குத் தோப்பும் உப்பளமும் ரயில் நிலையமும்தான். அங்கிருந்து பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு வரை என் எல்லை.

பழவேற்காட்டில் ஜில்லா போர்டு நடத்திய ஒரு சின்ன பிரசவ விடுதி இருந்தது. இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மருத்துவச்சி. அந்த மருத்துவச்சியின் பெயர் ஜைனம்பு. ஊரில் எல்லோரும் நர்சம்மா என்பார்கள். அங்கேயே பிறந்தவர், லுங்கி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். கல்யாணமான மூன்றாம் வருடம் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். கையில் ஒரு பெண் குழந்தை. உறவுக்காரர்கள் மறுமணம் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் மதராஸுக்குப் போய் மருத்துவச்சிப் படிப்பு படித்துவிட்டு வந்து நின்றார். அந்த நாளில் அந்தத் தெருவில் அது எத்தனை பெரிய காரியம் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், நீங்கள் அந்தத் தெருவை அப்போது பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கும்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டி போர்த்துக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு வேகமாக நடந்து போவார். பெரிய வியாபாரிகள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள்.

முதல் சம்பளம் வாங்கியதும் அவர் என்னிடம் ஒரு ஆயுள் பாலிசி எடுத்தார். அடுத்த வருடம் எங்கள் கம்பெனி விபத்துக்கென்று ஒரு கூடுதல் பாலிசி கொண்டுவந்தது. ஆயுள் பாலிசி வைத்திருப்பவர் தனியாகக் கொஞ்சம் கட்டினால், விபத்தில் இறந்தால் இன்னொரு மடங்கு தொகை கிடைக்கும். நான் ஓடினேன்.

"சார், நான் தண்ணில போறவ" என்றார் நர்சம்மா. "ஏரிக்கு அந்தாண்ட இருக்கற தீவு ஊருங்களுக்கெல்லாம் தோணிலதான் போவணும். அதுக்கு இது ஆவுமா?"

"அதுக்குத்தாங்க இதையே கொண்டு வந்திருக்காங்க" என்றேன் நான்.

எத்தனை உறுதியாகச் சொன்னேன் தெரியுமா? அந்தப் பாலிசிப் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கத்தை நான் படித்ததே இல்லை. பொடி எழுத்து ஆங்கிலம். மேலதிகாரி கூட்டத்தில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து அப்படியே ஒப்பித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் கழித்து அவரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. மகளை மதராஸில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கப் போவதாகவும், செலவு அதிகம் என்பதால் கூடுதல் பாலிசியை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகவும், நேரில் வந்து யோசனை சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

ஒரு பாலிசி போனால் ஏஜென்டுக்கு என்ன நட்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியாவது அவரை வைத்துக்கொள்ளச் சொல்லிப் பேச வேண்டும் என்று கிளம்பினேன். பேசுவதற்குச் சரக்கு வேண்டுமே என்று, பொன்னேரிக்கு ரயிலில் போகும்போது இரண்டு பாலிசிகளின் மாதிரிப் பிரதிகளையும் எடுத்து, முதல் தடவையாக முழுவதும் படித்தேன்.

கூடுதல் பாலிசியில், எவையெல்லாம் விபத்தாகக் கணக்கில் வராது என்ற பட்டியலில் ஏழாவது ஷரத்து. பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற இயந்திரக் கப்பல், இயந்திரப் படகு தவிர வேறு எந்த நீர்க்கலத்தில் போகும்போதும் நேரும் மரணத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

மூன்று தடவை படித்தேன். மறுபடி படித்தால் மாறிவிடும் என்பதுபோல நாலாவது தடவையும் படித்தேன். பழவேற்காடு ஏரியில் இயந்திரப் படகு ஒன்றைக்கூட நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாம் பாய்த் தோணி. மூன்று வருடமாக அந்த அம்மாள் எதற்காகக் கட்டினாரோ அதற்கு மட்டும் அந்தப் பாலிசி செல்லாது.

வெட்கப்பட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவரே விட்டுவிடலாமா என்றுதானே கேட்கிறார்! "விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். அவர் கேட்ட பதிலும் ஆயிற்று, என் தப்பும் வெளியே தெரியாது. எதற்கு விட வேண்டும் என்று யார் கேட்கப் போகிறார்கள்? பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறும்போது எனக்கு மனசு லேசாகவே இருந்தது.

ஐப்பசி மாதம். பஸ்ஸை விட்டு இறங்கியபோது காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. மேகம் கறுத்துத் தாழ்ந்து கிடந்தது, மழை இன்னும் விழவில்லை. விடுதிக்குப் போனால் நர்சம்மா வாசலிலேயே பெட்டியோடு நிற்கிறார். பக்கத்தில் ஈர வேட்டியோடு ஒரு மீனவர், எல்லய்யா என்று பெயர். ஏரிக்கு அக்கரையில் முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு தீவு ஊர். அங்கே அவர் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து வலி.

"கொழந்தயோட கை மட்டும் வெளிய வந்துடுச்சும்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க ஊரு கெழவிங்க கைய விரிச்சிட்டாங்க."

நர்சம்மா என்னைப் பார்த்தார். "வந்துட்டீங்களா சார்? நிக்க நேரமில்ல. நடந்துக்கினே பேசலாம், வாங்க."

மூவரும் கரைக்கு நடந்தோம். அவர் வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. கரையில் தோணிகள் எல்லாம் மேலே இழுத்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் எல்லய்யாவின் அண்ணன், பாய்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். "நர்சம்மா, உங்க கார்டு கெடச்சுது. யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் கூடுதல் பாலிசிய விட்டுடலாம்னுதான் எனக்கும் படுது."

அவர் நடந்துகொண்டே தலையை ஆட்டினார். "இல்ல சார். கார்டு எழுதசொல்ல அப்டி நெனச்சேன். இப்ப இந்தக் காத்தப் பாத்ததும் மனசு மாறிடுச்சு. வெச்சிக்கறேன். புள்ள படிப்புக்கு வேற எங்கனா பாத்துக்கறேன். எனக்கு இன்னா ஆனாலும் அவளுக்கு ரெண்டு மடங்கு வரும்ல? அது இருக்குதுன்னுதான் சார் இந்த மாரி நாள்ல தைரியமா கால வெக்கறேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தோணியில் இருந்தவரிடம் நீட்டினார்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? நீங்களே சொல்லிப் பாருங்கள். சொன்னால், அவர் திரும்பிப் போய்விடலாம். போய்விட்டால் அக்கரையில் அந்தப் பெண் சாவாள், அவள் வயிற்றில் இருப்பதும் சாகும். எல்லய்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொல்லாவிட்டால், இந்த அம்மாள் இல்லாத ஒன்றை நம்பித் தண்ணீரில் கால் வைக்கிறார். தோணி பத்திரமாகத் திரும்பினால் யாருக்கும் எதுவும் தெரியாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிறவரை எதற்குக் குழப்ப வேண்டும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. நல்ல குரல்போலவே இருந்தது. ஆனால் அது என்னைக் காப்பாற்றத்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டார்.

"அம்மா, நில்லுங்க" என்றேன். "அந்தப் பாலிசி இதுக்குச் செல்லாது."

அவர் திரும்பினார்.

"பாய்த் தோணில போய் ஏதாவது ஆச்சுன்னா ஒண்ணும் தர மாட்டாங்க. இன்னிக்குக் காலைலதான் படிச்சேன். மூணு வருஷமா படிக்காமயே உங்களுக்குச் சொல்லிட்டேன். என் தப்பு."

காற்று அவர் துப்பட்டியை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. எல்லய்யாவைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நிமிஷம் எனக்கு முடிந்தபாடில்லை.

"பெரிய பாலிசி?" என்று கேட்டார்.

"ஆயுள் பாலிசிங்களா? அது வரும்."

"எப்டித் தெரியும்? அதப் படிச்சீங்களா?"

"அதையும் படிச்சேன்."

"பையில இருக்குதா? எடுங்க. இங்கயே எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

இடுப்பளவு பயத்தோடு அந்த மணலில் நின்றுகொண்டு, காற்றில் படபடத்த காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு ஷரத்தாக உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். அவர் துப்பட்டியின் முனையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டே கேட்டார். முதல் வருடம் கழிந்துவிட்டால் எந்த விதத்தில் இறந்தாலும் தொகை உண்டு. நீரா, நிலமா என்று எந்தப் பாகுபாடும் அதில் இல்லை. ஓரிடத்தில் நிறுத்தி, "அந்த வரிய இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"உம்மா பேருக்குத்தான எழுதிக்கீது?"

"ஆமாங்க. உங்க அம்மா பேர், அவங்களுக்கப்புறம் மக பேர்."

"அப்ப செரி" என்றார். எல்லய்யாவிடம் திரும்பி, "தள்ளுப்பா" என்றார்.

அதோடு தோணியில் ஏறிவிட்டார்.

எல்லய்யாவின் அண்ணன் அப்போதுதான் வாய் திறந்தார். இரண்டு பேர் பாயையும் துடுப்பையும் பார்த்துக்கொண்டால் உள்ளே வரும் தண்ணீரை இறைக்க ஆள் வேண்டும், வரும்போதே திண்டாடிப் போய்விட்டது என்றார். என்னைப் பார்த்து, "நைனா, ஏறு" என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. கோயில் குளத்தில்கூட நான்காம் படிக்குக் கீழே இறங்காதவன். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த அம்மாளைத் தண்ணீரில் அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கிற தெம்பு எனக்கு இல்லை. அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பையை மார்போடு கட்டிக்கொண்டு ஏறினேன். ஒரு தகரக் குவளையைக் கையில் கொடுத்தார்கள்.

அந்த ஏரி பெரும்பாலும் ஆழமில்லாதது, பல இடங்களில் ஆள் நிற்கலாம் என்பார்கள். முகத்துவாரத்துக்கு அருகேதான் ஆபத்து. அங்கே நீர் கடலை நோக்கி இழுக்கும். நாங்கள் அதைக் குறுக்கே கடந்தாக வேண்டும். முதல் அரை மணி நேரம் நான் தலையைத் தூக்கவே இல்லை. இறைக்க இறைக்க அலை உள்ளே கொட்டியது. நர்சம்மா பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லய்யாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையாவது பிரசவம்? பனிக்குடம் எப்போது உடைந்தது? எந்தக் கை? நீலம் பாய்ந்திருக்கிறதா? பேச்சு தடுமாறுகிறதா? விடுதியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதுபோலவே கேட்டார். எல்லய்யாவும் பயத்தை மறந்து பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கரை இரண்டு பக்கமும் மறைந்துவிட்டது. தோணி ஒரு முறை பக்கவாட்டில் சாய்ந்தபோது பாய்க்கயிறு அறுந்து, பாய் அடித்துக்கொண்டு பறந்தது. அண்ணன் அதைப் பிடித்துச் சுருட்டிக் கட்டிவிட்டு நர்சம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மா, இனி துடுப்புதான். தண்ணி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. திரும்பிடலாமா?"

"திரும்புனா எவ்ளோ தூரம்?"

"வந்த தூரம்."

"போனா?"

"அதே தூரந்தான்."

"அப்ப இன்னாத்துக்குப்பா கேக்கற? போ" என்றார் அவர்.

அண்ணன் சிரித்துவிட்டார். அந்த மழையில் ஒரு மனிதர் சிரித்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு எல்லய்யா அறுந்த கயிற்றைத் தோணி முனையில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். கழுத்தளவு நீரில், கால் தட்டுகிற இடமெல்லாம் நடந்தும் தட்டாத இடத்தில் நீந்தியும் தோணியை இழுத்தார். அண்ணன் துடுப்பு போட்டார். நான் இறைத்தேன். நர்சம்மா கையைக் குவித்து இறைத்தார். ஒரு கட்டத்தில் வலப்பக்கம் மழைத்திரை விலகியது. மணல் திட்டு ஒன்றின்மேல் ஆயிரக்கணக்கான பூநாரைகள் நின்றிருந்தன. எல்லாம் ஒரே திசையில், காற்றுக்கு முகம் கொடுத்து, அசையாமல். நான் குவளையோடு வாய் பிளந்து உட்கார்ந்துவிட்டேன்.

"சார், எறைங்க" என்றார் நர்சம்மா.

ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

அந்தக் குடிசைக்குள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வெளியே கூரைச் சார்ப்பின் கீழே எல்லய்யாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளங்கைகள் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. உள்ளே அந்தப் பெண்ணின் குரலும் நர்சம்மாவின் குரலும் மாறி மாறிக் கேட்டன. ஒருமுறை அந்தப் பெண்ணின் குரல் நின்றுபோயிற்று. நர்சம்மாவின் குரல் மட்டும் நிற்கவில்லை. "எம் பேரு இன்னான்னு சொல்லு. சொல்லு. தூங்காத. எம் பேர சொல்லு" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், ஈனமாக, "நர்சம்மா" என்றது உள்ளிருந்து.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் குழந்தை அழுதது. எல்லய்யா எழுந்து குடிசை வாசலுக்குப் போய் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து நர்சம்மா வெளியே வந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க" என்றார். மழை நீரில் கையை நீட்டிக் கழுவிக்கொண்டார். பிறகு சார்ப்பின் கீழே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காலைல நாஷ்டா கூட துன்னல" என்றார். "எதுனா கெடைக்குமா கேளுங்க சார்."

கஞ்சியும் சுட்ட மீனும் வந்தன. எங்கள் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பே வராமல், கஞ்சியை இரண்டு கலயம் குடித்தேன். மீனைத் தொடவில்லை. அதை நர்சம்மா கவனித்து, தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்து திரும்பினோம். ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. முந்தின நாள் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பாதி வழியில் நர்சம்மா பேச்சை எடுத்தார்.

"அந்தச் சின்ன பாலிசிய நிறுத்திடுங்க சார். எழுதி எடுத்துக்கினு வாங்க, கையெழுத்து போடறேன்."

"சரிங்க."

"வேற யார்கிட்ட இத வித்தீங்க?"

நான் எதிர்பார்க்கவில்லை. பழவேற்காட்டில் மட்டும் ஐந்து பேர் என்றேன்.

"யார் யாரு?"

சொன்னேன். இரண்டு மீன் வியாபாரிகள், கால்வாயில் தோணி விட்டு விறகு ஏற்றும் ஒருவர், மளிகைக்கடை பாய், பள்ளிக்கூட வாத்தியார்.

அவர் யோசித்தார். "வாத்தியார் சைக்கிள்ல வர்றவரு. தண்ணிப் பக்கமே வரமாட்டாரு. அவரு ஒண்டி ஆளு சம்பாதிச்சு ஏழு பேரு சாப்புடறாங்க. அவரு வெச்சிக்கட்டும், வுட வேணாம்னு சொல்லுங்க. மளிகைக்கடை பாய் ஊட்ட வுட்டு கடைக்குப் போறாரு, கடைய வுட்டு ஊட்டுக்கு வராரு. அவருக்கு இது எதுக்குன்னு அவரையே கேளுங்க. மத்த மூணு பேரும் தெனம் தோணில போறவங்க. அவங்ககிட்ட இன்னிக்கே போங்க. ஊட்டுக்குப் போய் குளிச்சிட்டு போலாம்னு நெனக்காதீங்க. இந்நேரத்துக்கு அவங்க கெளம்பிக்கினு இருப்பாங்க."

இளைஞர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான். தொழில் கற்றுக்கொண்டவன் நான். ஆனால் அந்த ஒரே பாலிசியை ஐந்து மனிதர்களின் நடையோடும் வழியோடும் வைத்துப் பார்த்து, இவருக்கு வேண்டும், இவருக்கு வேண்டாம் என்று பிரித்துக் காட்டியவர் அந்த அம்மாள். உங்கள் அத்திப்பட்டு மனிதரிடம் பாலிசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவர் காலையில் எழுந்து எங்கே போகிறார், எதன்மேல் ஏறுகிறார், எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்று கேளுங்கள். பிறகு கடைசி இரண்டு பக்கத்தைப் படியுங்கள். அது அவருக்கு உதவுமானால், கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உதவாதென்றால் காரணத்தோடு சொல்லி விடச் சொல்லுங்கள். காரணம் உங்கள் தப்பாக இருந்தாலும்.

நான் அன்றைக்கு ஈர வேட்டியோடு மூன்று வீட்டுக்கும் போனேன். விறகுத் தோணிக்காரர் என்னை அடிக்க வந்தார். மீன் வியாபாரிகளில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாலிசிகளை நிறுத்தச் சொல்லிக் காரணத்தோடு நான் எழுதிய கடிதத்தைப் பார்த்து மதராஸ் ஆபீசில் கூப்பிட்டார்கள். "அதுவா நின்னு போயிருக்கும், உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று மேலதிகாரி கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் எனக்கு உயர்வு வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. அந்த மேலதிகாரிக்கு முன்னால் நின்றபோது, ஏரிக்கரையில் நின்றதில் பத்தில் ஒரு பங்கு பயம்கூட எனக்கு வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வேறு எல்லை கொடுத்தார்கள். சொல்லிக்கொள்ளப் பழவேற்காட்டுக்குப் போனேன். நர்சம்மாவின் மகள் மதராஸ் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். பிரசவ விடுதி வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"நர்சம்மா, அன்னிக்குக் கரையில அது செல்லாதுன்னு சொன்னப்புறம், ஒரு நிமிஷம் சும்மா நின்னீங்களே. அப்ப என்ன நெனச்சீங்க?"

அவர் கொதிநீரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் துணியில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திரும்பிப் போய்டலாம்னு நெனச்சேன்" என்றார். "நெசமாத்தான் சொல்றேன். புள்ள மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துச்சு. மூணு வருஷமா அந்தக் காயிதத்த நம்பித்தான் தோணில ஏறிக்கினு இருந்தேன், எனக்கே தைரியம் இருக்குதுன்னு நெனச்சிக்கினு. நீங்க சொன்னதும் அது போயிடுச்சு. சரி, அது இல்லாம எங்கிட்ட எவ்ளோதான் இருக்குதுன்னு பாத்துடலாம்னு தோணுச்சு."

"எவ்வளவு இருந்தது?"

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "அக்கரைக்குப் போற அளவுக்கு இருந்துச்சு சார்."

வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களில் முதலாமவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்து உள்ளே வந்தாள். நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.